ஒரே ஆள், இரண்டு விண்ணப்பம்

அலுவலகங்களில் அவருக்கு 'மூணு மாசம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. அதை வாசல் காவலர் மட்டும் படித்தார். பதினெட்டு ஆண்டுகளாகக் காண்ட்ராக்ட்டில் மென்பொருள் எழுதி வருபவர் அவர். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே, யாரும் கேட்காமலேயே, "நான் மூணு மாசம்தான் இங்க இருப்பேன்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிக்கொண்டு நுழைந்த ஒரு பார்சல் கம்பெனியில் ஆறரை வருடம் இருந்தார். மூன்று மூன்று மாதமாக இருபத்தைந்து முறை நீட்டித்தார்கள். அந்தக் காலத்துக்குள் நிரந்தர ஊழியர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தற்காலிக ஆள் மட்டும் அசையாமல் இருந்தார்.

மேசையில் ஒரு படம் வைத்ததில்லை. சொந்தக் கோப்பை கிடையாது. விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கோப்பையில்தான் டீ குடிப்பார். யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால் ஓரமாக நின்று கைதட்டுவார், துண்டு வாங்க மாட்டார். இரண்டு முறை நிரந்தர வேலை தருவதாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சிரித்தபடி மறுத்தார். "நிரந்தரம்னா அடுத்த வருஷம் என்ன பண்ணப்போறேன்னு இப்பவே எழுதிக் கொடுக்கணும். எனக்கு அடுத்த வாரமே தெரியாது" என்பது அவர் தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சுதந்திரத்தைப் பற்றிய இந்த மாதிரித் தத்துவங்கள் எல்லாம் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் தயாரானவை.

போன் ஓய்ந்து எட்டு மாதம் ஆகிறது.

மார்க்கெட் மந்தம் என்றார்கள். வேலையில் இருப்பவர்கள்தாம் அதை விரிவாக விளக்கினார்கள். இல்லாதவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முன்பெல்லாம் ஒரு காண்ட்ராக்ட் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுகள் மொய்ப்பார்கள். குளிக்கும்போது கூப்பிடுவார்கள், சாப்பிடும்போது கூப்பிடுவார்கள். "இவங்க தொல்லை தாங்கலை" என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார்; அந்த அலுப்பில் ஒரு சுகம் இருந்தது. இப்போது போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு, அது பழுதாகிவிட்டதோ என்று பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகளை விட்டு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்கிறார்.

"அடிக்குதுப்பா. போன் நல்லாத்தான் இருக்கு," என்பாள் மகள். "மத்தவங்களுக்குத்தான் விரல் இல்லை."

சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதி அவருடைய அலுவலகம். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். மேலே முழுக்கைச் சட்டை. கீழே சாயம் போன அரைக்கால் டிரவுசர்.

"யாருக்குங்க இந்தச் சட்டை?" என்று மனைவி கேட்டார்.

"திடீர்னு வீடியோ கால் வந்தா?"

"வந்தா எழுந்திரிச்சிடாதீங்க."

மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவர். நடக்க மறந்தவர்களை நடக்க வைப்பது அவர் தொழில். அதனால் வீட்டிலும் பொறுமையாகவும் கறாராகவும் இருப்பார். அந்த ஆஸ்பத்திரி ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே அந்தப் பிரிவுக்கே தலைமை தாங்க அவரை அழைத்திருந்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளைக் கடைசி வருடத்தில் பள்ளி மாற்ற முடியாது. ஆக, மனைவி அங்கே, அப்பாவும் மகளும் இங்கே என்று ஒரு வீடு இரண்டாகும்.

"உங்களுக்கு வேலை கிடைச்சா நான் போகலை. கிடைக்கலைன்னா போறேன்," என்றார் மனைவி.

இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று எழுதியே பிழைத்தவருக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. வீடு ஒன்றாக இருப்பதும் இரண்டாகப் பிரிவதும் இனி அவர் போனைப் பொறுத்தது.

மனைவி அத்தோடு விடவில்லை. இணையத்தில் தேடி ஒரு பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பார்சல் கம்பெனியில உங்க கூட ஒரு அக்கா இருந்தாங்களே, இப்ப ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில மேனேஜரா இருக்காங்க. ஒரு போன் போடுங்களேன்."

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னா பாக்க மாட்டீங்க."

"வேலை நம்மளைத் தேடி வரணும். நாம தேடிப் போனா மதிப்பு போயிடும்."

"எட்டு மாசமா வழி தெரியாம சுத்திட்டு இருக்கு போல," என்றார் மனைவி.

உண்மைக் காரணம் வேறு. அதை அவர் மனைவியிடம் சொன்னதே இல்லை.

ஆறு வருடம் முன்பு பார்சல் கம்பெனியில் சோதனைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆறு பேர். மென்பொருளின் புது வடிவம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு திரையாகத் தட்டி, ஒவ்வொரு படிவமாக நிரப்பி, எங்கே உடைகிறது என்று பார்ப்பார்கள். ஒன்பது நாள் பிடிக்கும். அந்த ஆறு பேருக்குத் தலைமை அக்கா. அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் மட்டும் அக்கா அல்ல. மேலாளரே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அந்த ஒன்பது நாள் வேலையைத் தானாகச் செய்யும் ஒரு நிரலை எழுதித்தரும்படி 'மூணு மாச'த்திடம் கேட்டார்கள். அவரும் அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பதினோரு வாரம் உட்கார்ந்தார்.

அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். "இந்தக் கட்டத்துல எடை பூஜ்யம்னு போடுங்க தம்பி. பாருங்க, எப்படி அழுவுதுன்னு." "ஒரே பார்சலை ரெண்டு பேர் ஒரே நொடியில ரத்து பண்ணினா மூணாவதா ஒருத்தருக்குப் பணம் திரும்பப் போகும். அந்தப் புண்ணியவான் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." எதுவும் எந்தக் கோப்பிலும் இல்லை, எல்லாம் அக்காவின் தலையில் இருந்தது. அதை அவர் வரி வரியாக நிரலுக்கு மாற்றினார். தினமும் நாலு மணிக்கு இருவரும் டீ குடிக்கப் போவார்கள். அக்கா கொண்டுவரும் பிஸ்கட்டை மட்டும் அவர் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

ஏழாவது வாரம், லிஃப்ட்டில், மேலாளர் அவர் காதருகே குனிந்து சொன்னார்: "இது முடிஞ்சதும் அந்த ஆறு நாற்காலியையும் எடுத்துடலாம். வெளியில சொல்லிக்காதீங்க." லிஃப்ட் ஒன்பதாவது மாடியிலிருந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்ல நிறைய நேரம் இருந்தது. அவர் எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் மூன்று மாதத்துக்கு வந்த ஆள், இதெல்லாம் வீட்டுக்காரர்கள் விவகாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் முதல் நாலு மணிக்கு அவருக்கு ஏதாவது அவசர வேலை வந்தது.

நாலு வாரம் கழித்து ஆறு பேரையும் ஓர் அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அக்கா அட்டைப்பெட்டியோடு போகும்போது இவருடைய மேசை அருகே வந்து நின்றார். "தம்பி, நாளைக்குப் புது வெர்ஷன் வருது. அந்த எடைக் கட்டத்தை மறக்காமப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

இன்று அவருடைய விண்ணப்பத்தின் முதல் வரி அந்த நிரல்தான்: 'ஒன்பது நாள் பிடித்த சோதனையை நாற்பது நிமிடமாகக் குறைத்தவர்.' ஏஜென்டுகளுக்கு அந்த வரி மேல் அப்படியொரு பிரியம். "சூப்பர் லைன் சார் இது" என்பார்கள். அவருக்கும் அதை நீக்க மனமில்லை. அவர் செய்த வேலைகளிலேயே சிறந்தது அதுதான். வெட்கப்பட வேண்டியதும் பெருமைப்பட வேண்டியதும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தால் மனிதன் என்ன செய்வான்? எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினார்.

அக்காவின் எண் போனில் இருந்தது. 'வணக்கம் அக்கா' என்று தட்டுவார். அழிப்பார். எட்டு மாதத்தில் அவர் செய்த ஒரே ஒழுங்கான வேலை அது.

கெடுவுக்குப் பதினோரு நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, போன் தானாகவே அடித்தது. ஒரு பெண் ஏஜென்ட். தேன் ஒழுகும் குரல்.

"சார், ஒரு நல்ல ரோல் இருக்கு சார். ஆறு மாச காண்ட்ராக்ட். நிதித் துறை. உங்க ப்ரொஃபைலைப் பாத்ததும் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு."

"கம்பெனி பேர்?"

"இன்டர்வியூ உறுதியானதும் சொல்லிடுறோம் சார். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பெயரைச் சொன்னால் ஆள் நேராகப் போய்க் கதவைத் தட்டிவிடுவார், கமிஷன் போய்விடும் என்று ஏஜென்டுகளுக்குப் பயம். ஆகவே மணப்பெண்ணின் முகத்தைக் காட்டாமலேயே சம்மதம் வாங்குவது அந்தத் தொழிலின் வழக்கம். 'இந்த வேலைக்கு உங்கள் மூலமாக மட்டுமே விண்ணப்பிக்கிறேன்' என்று ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அந்த 'மட்டுமே'யில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே ஆளின் விண்ணப்பம் இரண்டு ஏஜென்டுகள் வழியாக ஒரே கம்பெனிக்குப் போய்விட்டால், கமிஷன் யாருக்கு என்ற சண்டைக்குப் பயந்து கம்பெனி இரண்டையும் குப்பையில் போட்டுவிடும். புதிதாகக் காண்ட்ராக்ட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் முதல் புத்திமதியே இதுதான்: "யாருக்குச் சம்மதம் கொடுத்தோம்னு ஒரு நோட்டுல எழுதி வை." அவரும் வைத்திருந்தார். 'நிதித் துறை. புறநகர். ஆறு மாதம். புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து' என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை இன்னொருவர் கூப்பிட்டார். இவர் மூச்சு விடாமல் பேசுகிறவர்.

"வணக்கம் சார், அவசரம் சார், நாலு மணிக்கு லிஸ்ட் மூடுறாங்க சார், சரின்னு ஒரு மெயில் போட்டுடுங்க சார்."

"யார் க்ளையன்ட்?"

"பெரிய இடம் சார்."

"எவ்வளவு பெரிய இடம்?"

"லிஃப்ட்டுக்கு நிக்கிற வரிசைக்கே ஒரு ஆள் போட்டிருக்காங்க சார்."

"நேத்துதான் வேற ஒருத்தங்க மூலமா ஒரு இடத்துக்குப் போயிருக்கு. அதுவா இருந்துடக் கூடாது."

"அது எந்தத் துறை சார்?"

"நிதி."

"இது மருத்துவம் சார். சம்பந்தமே இல்லை."

நோட்டில் எழுதினார். 'மருத்துவத் துறை. புறநகர். ஆறு மாதம். புதன்கிழமை மட்டும்...' பேனா அங்கே நின்றது. மேல் வரியைப் பார்த்தார். கீழ் வரியைப் பார்த்தார். நிதிக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. பிழை கண்டுபிடித்தே வளர்ந்த மூளை ஒரு தரம் மணி அடித்தது. ஆனால் கேட்டால் இரண்டு வேலை ஒரு வேலை ஆகிவிடும். கெடுவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஊரில் எத்தனையோ கம்பெனி புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, 'வீட்டிலிருந்து' என்று எழுதி முடித்து, மூன்று ஐம்பதுக்கு மெயிலைத் தட்டிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "ரெண்டு இடம் இருக்கு" என்றார். மகள் தட்டைத் தட்டிக் கொட்டு முழக்கினாள். மனைவி அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினார்.

ஒரு வாரம் இரண்டு ஏஜென்டுகளும் வாய் திறக்கவில்லை. அவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அடுத்த புதன்கிழமை காலை, பதினொன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. திரையில் வந்தது அக்காவின் பெயர்.

"தம்பி, நான்தான்."

"அக்கா..."

"இன்னிக்கு வீட்லேர்ந்துதான் வேலை. அதான் நிம்மதியாப் பேசலாம்னு கூப்பிட்டேன். உங்க பேர் எங்க கம்பெனிக்கு வந்துச்சு."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு தடவை வந்துச்சு," என்றார் அக்கா.

உட்கார்ந்தார்.

"ஒண்ணுல உங்களுக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். இன்னொண்ணுல இருபத்திரண்டு. ஒண்ணுல நீங்க தனியா வேலை பாக்குறவர். இன்னொண்ணுல பத்துப் பேரைக் கட்டி மேய்ச்சவர். ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசலாம்னுதான் இருந்தேன், எந்தத் தம்பி தேவலைன்னு பாக்கலாமேன்னு." அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டாங்க. காண்ட்ராக்ட் எல்லாம் கொள்முதல் பிரிவு கையில. நான் போய் மல்லுக்கட்டிப் பாத்தேன். ரூல் ரூல்தான்னுட்டாங்க. ஆறு மாசத்துக்கு உங்க பேரை உள்ள எடுக்க முடியாது."

"அது உங்க டீமா அக்கா?"

"இந்த மாதிரி ஆள் வேணும்னு எழுதிக் கொடுத்ததே நான்தான். எழுதும்போது உங்களை மனசுல வெச்சுத்தான் எழுதினேன். நானா உங்களைக் கூப்பிட்டா வேண்டப்பட்டவரை இழுத்துட்டு வர்றேன்னு பேச்சு வரும். நீங்க ஒரு போன் போட்டிருந்தா, இன்ன ஏஜென்ட் மூலமா மட்டும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே. ஏன் தம்பி கேக்கலை?"

ஏன் என்பதற்கு அவரிடம் ஆறு வருடப் பதில் இருந்தது. அதை விட்டு வேறொன்றைக் கேட்டார்.

"அங்க சோதனைக்கு எத்தனை பேர் இருக்காங்க அக்கா?"

"பதினொரு பேர். இந்த வேலை முடிஞ்சா மூணு பேர் போதும். முதல் நாளே எல்லாரையும் உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். நாலு பேர் வேற பிரிவுக்கு மாறிட்டாங்க. மிச்சப் பேர் வேற வேலைக்குப் படிச்சிட்டு இருக்காங்க."

அக்கா வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"அப்போ, அந்தப் பார்சல் கம்பெனியில... எனக்கு நாலு வாரம் முன்னாடியே தெரியும் அக்கா."

"தெரியும் தம்பி."

"யார் சொன்னாங்க?"

"நீங்கதான். திடீர்னு டீ குடிக்க வரலையே. ஏதோ இருக்குன்னு அன்னிக்கே தோணுச்சு. ஆனா தோணுறதும் தெரியுறதும் ஒண்ணு இல்லையே." அக்காவின் குரலில் கோபம் இல்லை, கணக்குச் சரிபார்க்கும் நிதானம் இருந்தது. "எனக்குப் பதினேழு நாள் லீவு மிச்சம் இருந்துச்சு. வருஷக் கடைசியில எடுக்கலாம்னு வெச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துட்டு எங்க அம்மா கூடப் போய் இருந்திருப்பேன். வேலை எப்படியும் போயிருக்கும். லீவும் சேர்ந்து போச்சு. அப்புறம் வேலை தேடி அலையவே நேரம் சரியாப் போச்சு. அம்மா அந்த வருஷம்தான்..."

இயந்திரம் நின்றது.

"மன்னிச்சிடுங்க அக்கா," என்றார் அவர். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. வாய் வழியாக வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் காலை மிதித்ததற்குச் சொல்வது போல இருந்தது.

"சரி விடுங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் அக்கா."

மாலையில் மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு ஏஜென்ட், புதன்கிழமை, லிஃப்ட், ஆறு நாற்காலி, பதினேழு நாள் லீவு. மனைவி ஒரு செருப்போடு நின்று கேட்டார்.

"நோட்டுல எழுதும்போதே சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"அது போகட்டும். வேலை தேடி வரணும், மதிப்பு போயிடும்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"ஆறு வருஷம்," என்றார் மனைவி. "நான்கூட நீங்க கர்வம் பிடிச்சவர்னு நினைச்சுட்டு இருந்தேன். அதை எப்படியோ பொறுத்துக்கிட்டேன்." இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை மாலை, மனைவி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதிய சம்மதக் கடிதம், ஐந்தே வரி.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. நீங்கதான் தப்பு கண்டுபிடிப்பீங்களே."

அதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரலைப் படிப்பது போலவே படித்தார்: மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. நாலாவது வரியில் பிடிபட்டது. வேலையில் சேரும் தேதி அடுத்த மாதம் முப்பத்தொன்று என்று இருந்தது.

"அடுத்த மாசத்துக்கு முப்பது நாள்தான்," என்றார்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்படியே விட்டுடுப்பா. அந்தத் தேதி வரவே வராது. அம்மாவும் போக வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"முப்பதுன்னு போடவா, அதுக்கு அடுத்த மாசம் ஒண்ணுன்னு போடவா?" என்று அவர் கேட்டார்.

மனைவி யோசித்தார். ஒரு நாள் வித்தியாசத்துக்கு அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியதில்லை.

"ஒண்ணு போடுங்க."

திருத்தினார். திருத்தியதை மறுபடி படித்தார். பெயர், பதவி, ஊர், தேதி, நன்றி. எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு முறை மேலிருந்து, இந்த முறை எழுத்தெழுத்தாக, விரலைத் திரையில் வைத்துக்கொண்டு வந்தார். ஏதாவது ஒரு சின்னத் தப்பாவது இருக்கும் என்று தேடினார்.

"அனுப்பட்டுமா?" என்றார் மனைவி.

"இரு," என்றவர், மூன்றாவது முறையும் தேடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரியா இருக்கு."